அகலம் அளக்கப்படுகிறது, வழுக்கல் அளக்கப்படுவதில்லை

புது தில்லி: மாநிலங்களவையில் 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் எழுத்து மூலம் ஒரு பதில் அளித்தார். அவ்வாண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி இரவு புது தில்லி ரயில் நிலையத்தில் 18 பேரின் உயிரைப் பறித்த நெரிசலுக்குக் காரணம் என்ன என்று சமாஜவாதி கட்சி உறுப்பினர் ராம்ஜி லால் சுமன் கேட்டிருந்தார். பயணி ஒருவரின் தலையிலிருந்து பெரிய சுமை விழுந்தது, அதனால் 14, 15-ஆம் நடைமேடைகளுக்கு இறங்கும் படிக்கட்டில் பயணிகள் தடுமாறி விழுந்தனர் என்பது அமைச்சரின் பதில்.

பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்குச் செல்லும் கூட்டம் அன்றிரவு 8.15 மணிக்குப் பிறகு நடைமேம்பாலத்தில் படிப்படியாகப் பெருகியது. பெரிய சுமைகளுடன் பலர் வந்ததால் 25 அடி அகலமுள்ள பாலத்தில் நடமாட்டம் தடைபட்டது. 8.48 மணிக்கு விபத்து நேரிட்டது. இவையெல்லாம் அப்பதிலில் உள்ள விவரங்கள். நேரம் நிமிடக் கணக்கில் சொல்லப்பட்டது. பாலத்தின் அகலம் அடிக் கணக்கில் சொல்லப்பட்டது. அந்தப் படிகள் எந்தப் பொருளால் ஆனவை, அவற்றின் முனைகள் தேய்ந்திருந்தனவா, கடைசியாக அவற்றின் பிடிமானத்தை யார், எப்போது சோதித்தார்கள் என்ற கேள்விகளை யாரும் எழுப்பவில்லை. எனவே பதிலும் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் 'வழுக்கி' என்ற சொல்லை முதலில் சொன்னதே ரயில்வே நிர்வாகம்தான். நடைமேம்பாலத்திலிருந்து இறங்கிய சிலர் படியில் வழுக்கி மற்றவர்கள் மீது விழுந்தனர் என்று வடக்கு ரயில்வேயின் செய்தித் தொடர்பாளர் விபத்துக்கு மறுநாள் தெரிவித்தார். பிறகு நடந்த விவாதம் முழுவதும் கூட்ட நெரிசல், பயணச்சீட்டு விற்பனை, ரயில் பெயர் அறிவிப்பில் நேர்ந்த குழப்பம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. அவை அனைத்தும் நியாயமான கேள்விகளே. ஆனால், கால் ஏன் வழுக்கியது என்ற முதல் கேள்வி அவையிலும் வெளியிலும் விடுபட்டுப் போயிற்று. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தலைநகருக்கு வந்து இறங்கும் தமிழர்களுக்கும் இந்த நிலையத்தின் படிக்கட்டுகள் பழக்கமானவை என்பதால், இது நமக்குத் தொலைவான பிரச்னை அல்ல.

மும்பையில் நடந்தது: இதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பு, 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி காலை, மும்பையின் எல்ஃபின்ஸ்டன் ரோடு, பரேல் ஆகிய இரு புறநகர் நிலையங்களை இணைக்கும் நடைமேம்பாலத்தின் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் இறந்தனர். அலுவலகம் செல்வோர் மிகுந்த நேரம், திடீரெனக் கனமழை. நனையாமல் இருக்கப் பலர் படிக்கட்டிலேயே ஒதுங்கி நின்றனர். அடுத்தடுத்து வந்த ரயில்களிலிருந்து இறங்கியவர்களும் அதே குறுகிய படியை நாடினர்.

மேற்கு ரயில்வே நடத்திய விசாரணை, மழையையும் அதனால் சேர்ந்த கூட்டத்தையும் முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது. சுமைகளுடன் வந்தவர்கள் படியில் நிலைகுலைந்ததும் அதில் பதிவாகியது. பூ வியாபாரி ஒருவரின் மூட்டை சரிந்து, இந்தியில் பூவைக் குறிக்கும் 'ஃபூல்' விழுந்துவிட்டது என்ற குரல், பாலத்தைக் குறிக்கும் 'புல்' விழுந்துவிட்டது என்று கூட்டத்தின் காதில் விழுந்ததாகக் காயமடைந்த ஒருவர் சாட்சியமளித்தார். இரண்டு சொற்களுக்கு இடையிலான ஒலி வேறுபாடு நாடெங்கும் பேசப்பட்டது. மழையில் நனைந்த அந்தப் படிக்கட்டின் தளம் பேசப்படவில்லை.

பாலம் உடைகிறது என்ற வதந்தி உயிர்களைப் பலி கொள்வது புதிதல்ல. மத்தியப் பிரதேச மாநிலம் ததியா மாவட்டத்தில் ரத்தன்கர் கோயிலுக்குச் செல்லும் பாலத்தில் 2013 அக்டோபர் 13-ஆம் தேதி இத்தகைய வதந்திக்குப் பின் எழுந்த நெரிசலில் 115 பேர் மாண்டனர். மேற்கு வங்கத்தில் ஹவுரா அருகே உள்ள சாந்த்ராகாச்சி நிலையத்தின் நடைமேம்பாலத்தில் 2018 அக்டோபர் 23-ஆம் தேதி நேர்ந்த நெரிசலில் இருவர் இறந்தனர். இடங்கள் வேறு, காரணங்களும் முழுமையாக ஒன்றல்ல. ஆனால் அறிக்கைகளின் மொழி ஒன்றுபோலவே இருக்கிறது. மழை, வதந்தி, சுமை, கூட்டம் என்ற நான்கும் மாறி மாறிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றன. தளம் மட்டும் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

முதல் வீழ்ச்சி: நெருக்கமாக மக்கள் இறங்கும் படிக்கட்டில் ஒருவர் விழுவது, சமதரையில் ஒருவர் விழுவது போன்றதன்று. சமதரையில் விழுந்தவரைச் சுற்றிக்கொண்டு செல்ல முடியும். படியில் முன்னால் இருப்பவர் விழுந்தால், பின்னால் வருபவரின் அடுத்த அடிக்கு இடமில்லாமல் போகிறது. மேலே இருப்பவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது. அவர்கள் தொடர்ந்து முன்னோக்கி நகர்கின்றனர். சில வினாடிகளில் ஒருவர் மேல் ஒருவராக மனிதர்கள் அடுக்கப்படுகின்றனர். இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபடுவதால் அல்ல, மூச்சுவிட முடியாமலேயே இறக்கின்றனர்.

கூட்டம் அளவு கடந்துவிட்டால் எந்தத் தளமும் காப்பாற்றாது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நெருக்கியடித்து நிற்கும் நிலையில் மனிதர்களின் கால்கள் அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஆனால், அந்த நிலைக்கு முந்தைய நிலையில், கூட்டம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போது, முதல் மனிதர் விழுகிறாரா இல்லையா என்பதே பல சமயங்களில் விபத்துக்கும் தாமதத்துக்கும் உள்ள வேறுபாடு. ஆயிரக்கணக்கானோரைக் கலைந்து போகச் செய்வதைவிட ஒரு படியை வழுக்காமல் வைத்திருப்பது எளிது, செலவும் குறைவு.

எப்படி வழுக்குகிறது: நடக்கும்போது குதிகால் தரையைத் தொடும் கணத்தில் உடலின் எடை முன்னோக்கிச் செல்கிறது. அதைத் தாங்கி நிறுத்துவது செருப்புக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. தரையில் நீர் தேங்கினால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் உருவாகிறது. தளத்தின் மேற்பரப்பில் நுண்ணிய மேடு பள்ளங்கள் இருந்தால் அவை அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு செருப்பைப் பற்றுகின்றன. மெருகேற்றிய கல்லில் அந்த மேடு பள்ளங்கள் இல்லை. உலர்ந்திருக்கும்போது பாதுகாப்பாகத் தோன்றும் அதே கல், நனைந்ததும் கண்ணாடியாகிறது.

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை மேலும் ஆபத்தானது. பல நாள் படிந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் நீருடன் கலந்து குழம்பாகின்றன. வெற்றிலை எச்சில், வாழைப்பழத் தோல், சிந்திய தேநீர் ஆகியவை மழைக்காகக் காத்திருப்பதில்லை. தேய்ந்த ரப்பர் செருப்பு அணிந்தவர், சேலை கட்டியவர், முதியவர், தலைச்சுமையால் அடுத்த படி கண்ணுக்குத் தெரியாதவர், குழந்தையை இடுப்பில் சுமப்பவர் ஆகியோர்தாம் நமது நடைமேம்பாலங்களின் இயல்பான பயணிகள். பொறியாளர் அவர்களை மனதில் வைத்தே தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தீர்வுகள் விண்வெளித் தொழில்நுட்பம் அல்ல. கருங்கல்லை மெருகேற்றாமல் தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கலாம். படியின் முனையில் கார்போரண்டம் துகள் பதித்த பட்டையையோ வரித் தடம் வெட்டிய பட்டையையோ பதிக்கலாம். அந்தப் பட்டை வேறு நிறத்தில் இருந்தால் படி எங்கே முடிகிறது என்பது மங்கிய ஒளியிலும் தெரியும். இரும்புப் பாலங்களில் புடைப்பு வரியுள்ள தகடுகளைப் பயன்படுத்துவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். அவற்றுக்கு இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. ஆனால் லட்சக்கணக்கான கால்கள் பட்டுப் புடைப்புகள் தேய்ந்து, தகடு வழவழப்பாகிய பிறகும் அது 'புடைப்புத் தகடு' என்றே பதிவேட்டில் தொடர்கிறது.

வசதியா, பாதுகாப்பா?: இந்த அலட்சியத்தின் வேர் பொறியியலில் இல்லை, கணக்குத் தலைப்பில் இருக்கிறது. எல்ஃபின்ஸ்டன் ரோடு விபத்து வரை, ஒரு நிலையத்தில் முதலில் கட்டப்படும் நடைமேம்பாலம் மட்டுமே அவசியமானதாகக் கருதப்பட்டது. அடுத்தடுத்துக் கட்டப்படுபவை 'பயணிகள் வசதி' என்ற தலைப்பின் கீழ் வந்தன. நாற்காலி, மின்விசிறி, குடிநீர்க் குழாய் ஆகியவற்றுடன் அவை நிதிக்குப் போட்டியிட வேண்டியிருந்தது.

விபத்து நடந்த நிலையத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சிவசேனை மக்களவை உறுப்பினர் அரவிந்த் சாவந்தின் கோரிக்கைக்கு 2016 பிப்ரவரியில் பதிலளித்த அப்போதைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு, அங்கு 12 மீட்டர் அகலப் புதிய நடைமேம்பாலத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டிருப்பதாகத் தெரிவித்திருந்தார். மதிப்பீடு 11.86 கோடி ரூபாய். ஒப்புதலுக்கும் விபத்துக்கும் இடையில் ஓராண்டுக்கும் மேல் கடந்தது, பாலம் எழும்பவில்லை.

விபத்துக்கு மறுநாள், அப்போது பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகாதிருந்த அமைச்சர் பியூஷ் கோயல் ஒரு முக்கிய முடிவை அறிவித்தார். நடைமேம்பாலங்கள் இனி வசதி அல்ல, கட்டாயத் தேவை என்பதே அது. பாதுகாப்புப் பணிகளுக்குச் செலவிட மண்டலப் பொது மேலாளர்களுக்கு 18 மாதங்களுக்கு முழு அதிகாரம் தரப்பட்டது. ராணுவத்தின் துணையுடன் எல்ஃபின்ஸ்டன் ரோடில் கட்டப்பட்ட புதிய பாலம் 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தலைப்பு மாறியதும் சுமார் 5 மாதங்களில் ஒரு பாலம் எழும்பிய காட்சியை நாடு கண்டது.

ஆனால் அந்த மாற்றம் பாலத்தின் எண்ணிக்கையோடும் அகலத்தோடும் நின்றுவிட்டது. பாலம் கட்டாயத் தேவை ஆயிற்று. அதன் தளம் இன்னும் 'அலங்கார வேலை' என்ற பார்வையில்தான் நடத்தப்படுகிறது. எந்தக் கல், எந்த நிறம், எவ்வளவு பளபளப்பு என்பவை பணி முடியும் கட்டத்தில், மிச்சமிருக்கும் நிதியையும் திறப்பு விழாத் தேதியையும் பொறுத்து முடிவாகின்றன.

புது தில்லி நெரிசலுக்குப் பின் 2025 மார்ச்சில் ரயில்வே அமைச்சகம் அறிவித்த நடவடிக்கைகளிலும் இதே போக்கு தென்பட்டது. 73 நிலையங்களில் நிரந்தரக் காத்திருப்புப் பகுதிகள் அமைக்கப்படும் என்றும், 12 மீட்டர், 6 மீட்டர் என இரண்டு அகலங்களில் நடைமேம்பாலங்களுக்கான புதிய மாதிரி வடிவமைப்புகள் தயாராகிவிட்டன என்றும் கூறப்பட்டது. சாய்தளத்துடன் கூடிய அகலமான பாலங்கள் கும்பமேளாவில் நன்கு பயன்பட்டன என்றும் விளக்கம் அளிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், அகலத்துக்கு ஓர் எண் கிடைத்தது போல வழுக்காத் தன்மைக்கு ஓர் எண் அந்த அறிவிப்பில் இடம்பெறவில்லை. சாய்தளத்தில் இந்தக் குறை இன்னும் பெரிது. படியில் கால் ஊன்ற ஒரு விளிம்பாவது உண்டு; சாய்தளத்தில் உராய்வு ஒன்றே துணை.

எண் இருக்கிறது: வழுக்காத் தன்மையை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஊசல் முறைச் சோதனைக் கருவி என்ற எளிய சாதனம் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. ரப்பர் பொருத்திய ஊசல் ஒன்று நனைந்த தளத்தை உரசிச் செல்லும்போது எவ்வளவு வேகம் இழக்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகம் பின்பற்றும் அளவுகோலின்படி, அந்த எண் 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு. 25 முதல் 35 வரை இருந்தால் நடுத்தரம். 25-க்குக் கீழே என்றால் ஆபத்து அதிகம். கருவியை ஒருவர் தூக்கிச் சென்று, பாலத்திலேயே வைத்துச் சோதித்துவிடலாம். சாலைப் பொறியாளர்களுக்கு நம் நாட்டிலும் இக்கருவி அறிமுகமானதே.

நமது விதிநூல்கள் இந்த விஷயத்தில் மௌனமாகவும் இல்லை. படியின் மிதிபரப்பு வழுக்காதவாறு கட்டப்பட்டுப் பராமரிக்கப்பட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் 2021-ஆம் ஆண்டு அணுகல்தன்மை வழிகாட்டுதல்களும் வழுக்காத் தளங்களை வலியுறுத்துகின்றன. குறை எங்கே என்றால், இவை அறிவுரைகளாக இருக்கின்றன என்பதில்தான். 'வழுக்கக் கூடாது' என்ற வாக்கியத்தை எந்த ஒப்பந்ததாரரும் ஏற்றுக்கொள்வார். 'நனைந்த நிலையில் 36' என்று எழுதினால்தான் அவர் எந்தக் கல்லை வாங்குவது என்று யோசிப்பார்.

உச்ச நீதிமன்றம் காட்டிய வழி: அறிவுரைக்கும் கட்டாயத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் தொட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. அதன்கீழ் 2017-இல் வகுக்கப்பட்ட விதிகளில் 15(1)-ஆம் விதி, அணுகல்தன்மை குறித்துப் பரிந்துரைகளை மட்டுமே தருகிறது. சட்டமோ கட்டாயத் தரங்களைக் கோருகிறது. எனவே அந்த விதி தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதங்களில் வகுக்குமாறும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்து, கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூறியது. நாட்டில் 2023-இல் மட்டும் சாலை விபத்துகளில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதசாரிகள் உயிரிழந்த பின்னணியில் இந்த உத்தரவைப் பார்க்க வேண்டும். நடப்பது உரிமை என்றால், நடக்கும் தளம் வழுக்காமல் இருப்பது அந்த உரிமையின் முதல் நிபந்தனை. நடைமேம்பாலம் என்பது உயரத்தில் அமைந்த நடைபாதையே தவிர வேறல்ல. இத்தீர்ப்புகளின் வழி வரும் விதிகளில் தளத்துக்கும் ஓர் எண் இடம்பெறச் செய்வதே நாடாளுமன்றத்தின் முன் உள்ள வாய்ப்பு.

இழப்பீட்டிலும் இடமில்லை: படியில் வழுக்கி விழுந்தவருக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு, யார் தவறு என்று பாராமல் இழப்பீடு தர வழி செய்கிறது. ஆனால் அது 'விரும்பத்தகாத நிகழ்வு' எனச் சட்டம் வரையறுத்தவற்றுக்கு மட்டுமே. பயங்கரவாதச் செயல், வன்முறைத் தாக்குதல், கொள்ளை, கலவரம், துப்பாக்கிச் சூடு, தீவைப்பு ஆகியவை அந்த வரையறையில் உள்ளன. பயணி ரயிலிலிருந்து தவறி விழுவதும் உள்ளது. ரயில் நிலையப் படியில் விழுவது அந்தச் சொற்களில் இல்லை. அரசு மனமிரங்கி அறிவிக்கும் கருணைத் தொகையை எதிர்பார்க்க வேண்டும். இல்லையெனில் வழக்காட வேண்டும். புது தில்லி விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. ஒருவர் மட்டும் தனியாக விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அத்தகைய அறிவிப்பு எதுவும் வருவதில்லை.

இதன் விளைவு கணக்கிலும் தெரிகிறது. இழப்பீடு இல்லாத இடத்தில் பதிவேடு இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் பிரச்னையே இல்லை என்று ஆகிவிடுகிறது. எந்தப் பாலத்தில், எந்தப் படியில், மாதம் எத்தனை பேர் விழுகிறார்கள் என்பது அங்கு கடை வைத்திருப்பவருக்குத் தெரியும். சுமை தூக்கும் தொழிலாளிக்குத் தெரியும். தில்லியில் கோப்புகளைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

எதிர்வாதங்கள்: சொரசொரப்பான தளம் அழுக்கைப் பிடிக்கும், கழுவுவது கடினம் என்று நிலைய அதிகாரிகள் சொல்வது முற்றிலும் தவறல்ல. தூய்மையை அளவுகோலாக வைத்து நிலையங்கள் தரவரிசைப்படுத்தப்பட்ட நாட்டில், பளபளப்பு என்பது நிர்வாகத் திறமையின் அடையாளமாகிவிட்டது. 1,300-க்கும் மேற்பட்ட நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ருத் பாரத் திட்டம் நடைபெறும் இந்த நேரத்தில் தேர்ந்தெடுக்கப்படும் தளங்களின் மீது அடுத்த 20, 30 ஆண்டுகள் மக்கள் நடக்கப் போகிறார்கள். புகைப்படத்தில் மின்னும் தளமா, மழையில் பற்றும் தளமா என்ற தேர்வு இப்போதுதான் நடக்கிறது. துப்புரவுக்கு ஏற்ற இயந்திரமும் ஆளும் ஒதுக்குவது, உயிரிழப்புக்கு ஈடு தருவதைவிட மலிவானது.

தளத்தை மாற்றுகிறேன் என்று கண்மூடித்தனமாக மாற்றுவதும் ஆபத்தே. குஜராத் மாநிலம் மோர்பியில் 2022 அக்டோபர் 30-ஆம் தேதி தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தனர். பழைய மரப்பலகைகளுக்குப் பதிலாக அலுமினியத் தளம் போடப்பட்டது. ஆனால் பழைய கம்பி வடங்கள் மாற்றப்படவில்லை என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் தெரிவித்தது. தளம் என்பது பூச்சு வேலை அல்ல, பாலத்தின் எடையோடும் வலிமையோடும் பிணைந்த உறுப்பு என்பதையே அந்தத் துயரம் உணர்த்துகிறது. தளத்தைத் தேர்வு செய்பவரும் தாங்கும் திறனைக் கணக்கிடுபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

அழகுக்காகத் தளத்தைத் தேர்ந்தெடுத்து வருந்தியவர்கள் வெளிநாடுகளிலும் உண்டு. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்து, இத்தாலியின் வெனிஸ் நகரில் 2008-இல் திறக்கப்பட்ட பாலத்தில் கண்ணாடிப் படிகள் அமைக்கப்பட்டன. மழையிலும் பனியிலும் பலர் வழுக்கி விழுந்தனர், வழக்குகள் தொடர்ந்தன. வழுக்காத பட்டைகளை ஒட்டிப் பார்த்தும் பயனில்லாமல், கண்ணாடியை அகற்றிக் கல் பதிக்க 2022-இல் நகர நிர்வாகம் முடிவு செய்தது. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் அதே கலைஞர் 1997-இல் அமைத்த கண்ணாடித் தளப் பாலத்தின் மீது 2011-இல் வழுக்காத விரிப்பு போட வேண்டியதாயிற்று. அங்கு விழுந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அதனால் தவறு கண்ணில் பட்டது. இங்கு விழுந்தவர் எழுந்து, தூசி தட்டிக்கொண்டு, ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்.

தண்டவாளத்தின் விலை: வழுக்கும் பாலத்தின் பாதிப்பு பாலத்தோடு முடிவதில்லை. ஒருமுறை விழுந்தவர், குறிப்பாக முதியவர், மறுமுறை அந்தப் படியில் ஏறத் தயங்குகிறார். எதிரே தண்டவாளம் திறந்து கிடக்கிறது. அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்பு உயர்நிலைக் குழு 2012-இல் அளித்த அறிக்கையில், தண்டவாளத்தைக் கடப்போர் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இறப்பதாகவும், அவர்களில் சுமார் 6,000 பேர் மும்பை புறநகர்ப் பகுதியில் மட்டும் இறப்பதாகவும் குறிப்பிட்டது. நாகரிகச் சமுதாயம் ஏற்க முடியாத படுகொலை என்ற பொருளில் அக்குழு கடுமையாகவே எழுதியிருந்தது. பாலம் இருந்தும் ஏன் கடக்கிறார்கள் என்று மக்களைக் கடிந்துகொள்வதற்கு முன், பாலம் நம்பத்தக்கதாக இருக்கிறதா என்று பார்ப்பது அரசின் கடமை.

அவை என்ன செய்யலாம்: ரயில்வேக்குத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யும் மரபு 2017-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் ரயில்வேயின் சிறு விஷயங்களை உறுப்பினர்கள் எழுப்புவதற்கான நேரம் அவையில் சுருங்கிவிட்டது. எனவே கேள்வி நேரமும் ரயில்வே நிலைக்குழுவும் முன்னைவிட முக்கியத்துவம் பெறுகின்றன. உறுப்பினர்கள் வழக்கமாகத் தங்கள் தொகுதிக்குப் புதிய பாலம் கேட்கிறார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் வருகிறது. இருக்கும் பாலங்களின் தளம் நனைந்த நிலையில் சோதிக்கப்பட்டதா, எண் என்ன, தேதி என்ன என்று கேட்டால் அப்படி ஒரு சோதனையே நடப்பதில்லை என்ற உண்மையாவது அவைக் குறிப்பில் ஏறும்.

கோரிக்கை பெரிதல்ல. ஒப்பந்தப்புள்ளியில் வழுக்காத் தன்மைக்கு ஓர் எண் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும், ஆய்வகத்தில் அல்லாமல் பாலத்தின் மேலேயே, நீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் மறுசோதனை செய்து, எண்ணையும் தேதியையும் பாலத்தின் நுழைவாயிலில் எழுதி வைக்க வேண்டும். விழுந்தவர்களின் பதிவேடு ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும். மாநில அரசுகளும் மாநகராட்சிகளும் சாலைகளுக்கு மேல் கட்டும் நடைமேம்பாலங்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். ரயில்வே சட்டத்தின் வரையறையில் நிலைய வளாகத்துக்குள் விழுவதும் சேர்க்கப்பட வேண்டும்.

மும்பையில் 2019 மார்ச் 14-ஆம் தேதி சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம் அருகே நடைமேம்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து 7 பேர் இறந்தனர். அதற்கு முன் நடந்த ஆய்வில் அந்தப் பாலம் பயன்பாட்டுக்கு உகந்தது என்றே சொல்லப்பட்டிருந்தது. ஆகவே சான்றிதழ் ஒன்றினால் உயிர் காக்கப்படும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் அந்த வழக்கில், ஆய்வறிக்கை என்று ஒன்று இருந்ததால்தான் அதில் கையெழுத்திட்டவரை விசாரிக்க முடிந்தது. தளத்தைப் பொறுத்தவரை இன்று கையெழுத்துப் போட யாரும் இல்லை. எனவே விசாரிக்கப்படுவதற்கும் யாரும் இல்லை. மழையையும் தலைச்சுமையையும் மட்டுமே குற்றம் சாட்ட முடிகிறது.

ரயில்வே அமைச்சர்கள் மாறலாம். நிலையத்தின் பெயர்கூட மாறலாம். எல்ஃபின்ஸ்டன் ரோடு 2018-இல் பிரபாதேவி ஆயிற்று. அடுத்த பருவமழையும் வரும். அடுத்த திருவிழாக் கூட்டமும் வரும். அப்போது ஒரு தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்குவார். அந்தப் படியில் அவர் கால் நிற்குமா என்பதை விபத்துக்கு முன்பே கேட்டுப் பதில் பெறும் பொறுப்பு, அவர் வாக்களித்து அனுப்பிய உறுப்பினருக்கு உண்டு.